பாம்பாற்றின் மேல்பக்கம்

மூணாறில் இருந்து மறையூருக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். அதற்குள் மழையே வேறாகிவிடும். ஆனைமுடிக்கு மேற்கே ஆடி மாதம் விடாமல் கொட்டும் மேகம், கிழக்குச் சரிவுக்கு வெறும் காற்றாக வந்து சேர்கிறது. காந்தளூர், வட்டவடை விவசாயிகளுக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் சோறு. தை பிறந்தால் வட்டவடையில் உறைபனி. பகலில் உதடு வெடிக்கும் காற்று. இந்தக் குளிர்ந்த, காய்ந்த சரிவில் நீர்வடிப்பகுதித் திட்டம் ஒன்றில் ஓடைகளை அளப்பது என் வேலை.

கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே ஓடுபவை கபினி, பவானி, பாம்பாறு மூன்றுதான். பாம்பாறு தூவானம் அருவியாக விழுந்து, சின்னாற்றோடு கூடி, எல்லை தாண்டி அமராவதி அணைக்குப் போகிறது. அங்கிருந்து காவிரிக்கு. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் பாம்பாற்றுப் பங்கு 3. உச்ச நீதிமன்றமும் 2018-ல் கேரளத்தின் அளவை மாற்றவில்லை. 2024-ல் வட்டவடைப் பக்கம் சிலந்தியாற்றில் தடுப்பணை கட்டுவதாகச் செய்தி வந்ததும் உடுமலைப் பக்கத்தில் பதற்றம். தமிழ்நாட்டு முதல்வர் கேரள முதல்வருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கவலை நியாயமானது. இங்கே மேலே பூண்டு நடுகிறவர்களுக்கும் உடுமலையில்தான் சம்பந்தி வீடு.

ஆனால் டி.எம்.சி. கணக்கில் மேல்காட்டு ஊற்று தெரிவதே இல்லை. 3 டி.எம்.சி. என்றால் எட்டரைக் கோடி கன மீட்டர். நான் அளப்பது நொடிக்கு இத்தனை லிட்டர் என்று. ஓடையில் வி-நாட்ச் தகடு, அதாவது மேல்விளிம்பில் V வடிவில் வெட்டிய தகடு பதித்து, வெட்டுக்கு மேல் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்ப்போம். செங்கோண வெட்டில் 10 சென்டிமீட்டர் நின்றால் நொடிக்கு நாலு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். உயரம் 5 சென்டிமீட்டர் ஆகும்போது தண்ணீரும் பாதி இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இருப்பது முக்கால் லிட்டர். மாசியில் ஓடையைக் கண்ணால் பார்த்து, "கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்று சொல்லும்போதே ஐந்தில் நாலு பங்குக்கு மேல் போயிருக்கும். முறைத் தண்ணீரில் கடைமடைக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல் தொடங்குவது அங்கேதான்.

கோவிலூர்ப் பக்கம் ஒரு அம்மா என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், இதெல்லாம் சரி. மழை முடிஞ்சு நான் எத்தனை பாத்தி பூண்டு போடலாம்? அதச் சொல்லுங்க."

எங்கள் அறிக்கையில் ஆண்டுச் சராசரி இருந்தது, படுகை வரைபடம் இருந்தது. அவர் கேட்டதற்கு விடை இல்லை. பூண்டு நட்டு எடுக்க நாலு மாதமாகும். கார்த்திகைக் கடைசியில் ஊற்று இருக்கும் நிலையைப் பார்த்தே பங்குனித் தண்ணீரைச் சொல்லத் தெரிய வேண்டும். மழை நின்ற பிறகு ஓடை வற்றும் வேகத்தைக் கிழமைதோறும் குறித்து வந்தால் அது முடியும். எனக்கு இந்த வேலையில் பிடித்த பகுதி இப்போது அதுதான்.

கிராண்டிஸ் என்னும் யூகலிப்டஸ் மரம் பற்றியும் சொல்ல வேண்டும். விறகுக்கும் காகிதக் கூழுக்கும் விலை போகும், காட்டுப்பன்றி தொடாது, ஆள் கூலி இல்லை. அதனால் படிக்கட்டு வயலிலேயே நட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஊற்றுக்கு மேலே உள்ள சரிவில் அந்த மரம் இருக்கவே கூடாது என்பது என் திடமான எண்ணம். மழை குறைந்த மண்ணில் அதன் வேர் ஆழத்து ஈரத்தையும் விடாது.

ஒரு சரிவில் மரத்தை வெட்டிப் புல்லை வரவிட்டிருக்கிறார்கள். கீழே ஊற்றில் தகடு வைத்திருக்கிறோம். தண்ணீர் கூடியிருக்கிறது என்று ஊரில் பேச்சு. நான் இன்னும் அப்படி எழுதவில்லை. போன ஐப்பசியில் மழையும் கூடுதல். ஒரு மழை பொய்த்த ஆண்டின் அளவும் கைக்கு வந்த பிறகுதான், எது மழையால் வந்தது, எது மரம் போனதால் வந்தது என்று அவர்களிடம் பிரித்துச் சொல்ல முடியும்.