முறைப்பெண்ணும் நார்வாலும்

மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். மரபியல் தாளில் எனக்கு வயிற்றைக் கலக்கும் பாடம் ஒன்றுதான்: உட்கலப்பு, அதாவது நெருங்கிய சொந்தத்துக்குள் இணை சேர்வது. பாடம் கடினம் என்பதால் அல்ல. அத்தை மகளைக் கட்டினால் பிறக்கும் பிள்ளைக்கு உட்கலப்பு எண் (ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு) 16-இல் 1, தாய்மாமனைக் கட்டினால் 8-இல் 1 என்று கரும்பலகையில் எழுதினால் போதும், வகுப்பில் பலர் தங்கள் வீட்டைக் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் சொந்தத்துக்குள் நடந்த திருமணங்கள் 28 சதவீதம். எங்கள் வகுப்பைப் பார்த்தால் அதுவே குறைவாகத் தோன்றும். மாமாவோடு நிச்சயமான பெண் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது இதை எந்தக் குரலில் சொல்வது?

அதனால் இப்போதெல்லாம் ஆர்க்டிக் கடலிலிருந்து ஆரம்பிக்கிறேன். திமிங்கிலத்துக்குச் சாதி இல்லை, சம்பந்தி இல்லை. யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

முதலில் பெலூகா என்னும் வெள்ளைத் திமிங்கிலம். தாய் 14 மாதத்துக்கு மேல் சுமந்து, பெற்ற பிறகு இரண்டு வருஷம் போலப் பால் கொடுக்கிறது. அந்த நாட்களில் கூடவே நீந்தும் குட்டி, எந்தக் கோடையில் எந்த முகத்துவாரத்துக்குப் போவது என்ற வழியையும் கற்றுக்கொள்கிறது. வளர்ந்த பின்னும் அங்கேயே திரும்பி வருகிறது. தாயிடமிருந்து மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைப் பார்த்தால், கோடைக் கூட்டங்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். ஆனால் இணை சேர்வது குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும். அப்போது பல கூட்டங்கள் கலக்க வாய்ப்பு இருப்பதால், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டி.என்.ஏ.வில் அந்தப் பிரிவினை அவ்வளவு கூர்மையாக இருப்பதில்லை. "தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போற மாதிரியா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பரவாயில்லை, நெருங்கித்தான் வந்திருந்தாள். பெலூகாவில் மகனும் அம்மா வீட்டுக்கே திரும்புகிறான், அதுதான் வித்தியாசம்.

தந்தை வழியைக் காட்ட ஆர்க்டிக் வரை போக வேண்டியதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மரபியல் ஆய்வாளர் ராமசாமி பிச்சப்பன் நம் பக்கத்து ஊர்களில் எடுத்த ரத்த மாதிரிகள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாகக் கிழக்கே போன ஆதி மனிதர்களோடு தொடர்புபடுத்தப்படும் எம்130 என்ற அடையாளம், அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் ஒய் குரோமோசோமில், ஜோதிமாணிக்கம் கிராமத்துக்காரர் ஒருவரிடம் கிடைத்தது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன்கள் நிமிர்ந்து உட்காருவது இந்த இடத்தில்தான்.

அப்புறம் நார்வால். கொம்பு போல ஒற்றைப் பல் நீட்டிக்கொண்டிருக்குமே, அது. ஏறத்தாழ 1,70,000 இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். இவ்வளவு எண்ணிக்கை உள்ள விலங்குக்கு மரபணு வேற்றுமை நிறைய இருக்க வேண்டும். ஆனால் 2019-இல் வெளிவந்த மரபணுத்தொகுதி ஆய்வில் அது மிகக் குறைவாக இருந்தது. "அப்ப எல்லாம் சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிட்டதா சார்?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். நான் காத்திருப்பதும் அந்தக் கேள்விக்குத்தான். அண்மைத் தலைமுறைகளில் நெருங்கிய உறவில் சேர்க்கை நடந்திருந்தால், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்த டி.என்.ஏ. பிரதிகள் நீளநீளமான பகுதிகளில் அப்படியே ஒன்றுபோல இருக்கும். நார்வாலில் அந்தத் தடயம் தெரியவில்லை. வெகுகாலம் அவற்றின் எண்ணிக்கை சிறிதாகவே இருந்ததும், பிறகுதான் பெருகியதும் காரணமாகச் சொல்லப்படுகிறது. வேற்றுமை குறைவு என்றதும் உட்கலப்பு என்று எழுதுகிறவர்களுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை.

போஹெட் திமிங்கிலத்துக்குப் பத்து நிமிஷம் போதும். 200 வருஷத்துக்கு மேல் வாழக்கூடியது. பெண் பருவமடையவே 25 வருஷம் போல ஆகும். அதன்பின் மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு குட்டி. வேட்டையில் அழிந்த கூட்டம் லேசில் தலையெடுக்காது. அதே மந்தம் இன்னொரு வகையில் காப்பாற்றவும் செய்கிறது: தலைமுறை மெதுவாக மாறுவதால் மரபணு வேற்றுமையும் மெதுவாகவே கரைகிறது.

கலப்புக்கும் ஓர் உதாரணம் உண்டு. கிரீன்லாந்தில் ஒரு வேட்டைக்காரரின் கொட்டகைக் கூரையில் கிடந்த விசித்திர மண்டை ஓட்டை, பல்லிலிருந்து டி.என்.ஏ. எடுத்து 2019-இல் அடையாளம் கண்டார்கள். அம்மா நார்வால், அப்பா பெலூகா. "கலப்புத் திருமணம்!" என்று பின்வரிசை கத்தும். நியாயம்தான்.

இதற்குப் பிறகு 16-இல் 1 என்று எழுதினால் யாரும் தலையைக் குனிவதில்லை. நீளமான ஒரே மாதிரிப் பகுதி என்றால் என்ன என்று தெரிந்துவிட்டதால் கேள்வியும் தெளிவாக வருகிறது. அம்மாவும் அப்பாவும் சொந்தம், நானும் சொந்தத்தில் கட்டினால் அந்தப் பகுதி கூடுமா? கூடும். அப்படியென்றால் பிள்ளைக்கு நோய் நிச்சயமா? நிச்சயம் இல்லை, கணவன் மனைவி இருவரும் ஒரே பழுதான மரபணுவைச் சுமந்தால் வரும் நோய்களுக்கு வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று மூன்று தலைமுறைக்கு எழுதிக்கொண்டு, கல்யாணத்துக்கு முன்பே மரபியல் ஆலோசனை தரும் மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறேன்.

வம்சாவளி வரைபடத்தில் சொந்தத் திருமணத்துக்கு இரட்டைக் கோடு போட வேண்டும். பயிற்சிக்கு எந்தக் குடும்பத்தை வேண்டுமானாலும் வரையலாம், பெயர் போடக் கூடாது என்பது என் விதி. வருகிற தாள்களில் இரட்டைக் கோட்டுக்குக் குறைவே இல்லை.