கியூவில் தேங்கிய ஒரு மெயிலைப் பிடித்துப் பின்னால் போனது

நல்லூர்த் திருவிழாவுக்கு ஒரு கிழமை இருக்கையில் விடுதியிலிருந்து முறைப்பாடு வந்தது: முன்பதிவு உறுதி மெயில் ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை. ஒரே உபுண்டு சேர்வரில் மூன்று தளங்கள். விடுதி, ஒரு கோயில், ஒரு பழைய மாணவர் சங்கம். மெயில் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸின் கியூவை, அதாவது அனுப்பக் காத்திருக்கும் வரிசையை, பார்த்தால் 14,000 மெயிலுக்கு மேல் தேங்கி நின்றது. யாரோ எங்கள் சேர்வரால் ஸ்பாம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஜிமெயில் எல்லாவற்றையும் 421 ('இப்போது ஏற்க முடியாது, பிறகு வா') சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் கியூவை ஒரேயடியாக அழிக்கத்தான் கை போகும். அழிக்கவே கூடாது. தடயம் அதற்குள்தான் கிடக்கிறது. இருந்த மெயில்களை 'போஸ்ட்சூப்பர்' கொமாண்டால் ஹோல்டில் (அனுப்பாமல் நிறுத்திவைப்பில்) போட்டோம். புதிதாக வந்து சேர்வதும் வெளியே போகாதபடி போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பின் 'டிஃபர் டிரான்ஸ்போர்ட்ஸ்' வரியில், வெளியே மெயில் அனுப்பும் வழியான எஸ்எம்டிபியைச் சேர்த்தோம். கையோடு மெயில் லொக் (மெயில் போக்குவரத்துப் பதிவு), அக்செஸ் லொக் (தளத்துக்கு வந்த கோரிக்கைகளின் பதிவு) எல்லாவற்றையும் வேறு கணினிக்குப் பிரதி எடுத்தோம். உபுண்டுவின் வெப் சேர்வரான என்ஜின்எக்ஸ், வழமையான அமைப்பில், 14 நாளுக்கு மேற்பட்ட லொக்கை வைத்திருக்காது.

பிறகு கியூவில் ஒரேயொரு மெயிலின் ஐடியை எடுத்து மெயில் லொக்கில் தேடவேண்டும். 'சாஸல் யூசர்நேம்' (கடவுச்சொல் கொடுத்து நுழைந்தவரின் பெயர்) என்று வந்தால் யாரோ ஒருவரின் கடவுச்சொல் களவு போயிருக்கிறது, அந்தக் கணக்கைப் பூட்டினால் போதும். சேர்வருக்குள்ளிருந்தே கிளம்பிய மெயிலைக் காட்டும் 'பிக்கப்' வரியில் யூஐடி (பயனர் எண்) 33 என்று வந்தால் அனுப்பியது வெப் சேர்வரின் பயனர். கியூவில் ஒன்றும் இல்லாமல் ஸ்பாம் வருகிறதென்ற முறைப்பாடு மட்டும் வந்தால், ஏதோ ஒரு புரோசெஸ் போஸ்ட்ஃபிக்ஸைத் தொடாமல் மெயிலுக்கான 25ஆம் போர்ட்டால் நேரே வெளியே பேசுகிறது. அல்லது வேறெங்கோ இருப்பவர் உங்கள் முகவரியைப் பொய்யாகப் போட்டு அனுப்புகிறார். எங்களுடையது 33. மூன்று தளமும் அதே பயனரில் ஓடியதால், எந்தத் தளம் என்பது அதில் தெரியவில்லை.

தளங்கள் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியில் இதற்கென்றே இரண்டு அமைப்புகள் 5.3 பதிப்பிலிருந்து உண்டு. ஒன்றை இயக்கினால் வெளியே போகும் ஒவ்வொரு மெயிலின் ஹெடரிலும் (மெயிலோடு போகும் மறைவான தகவல் வரிகள்) யூஐடியும் ஸ்கிரிப்டின் பெயரும் ஏறும். எங்களுக்கு வந்தது '33:ஒப்ஷன்ஸ்.பிஎச்பி'. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஹெடரில் வருவது கோப்பின் பெயர் மட்டும், பாதை வராது. தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின் நிர்வாகப் போல்டரிலேயே அதே பெயரில் ஒரு நல்ல கோப்பு இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தே அரைநாள் போய்விடும். ஆகவே இரண்டாவதான 'மெயில் லொக்' அமைப்பையும் இயக்கினோம். அது முழுப் பாதையையும் வரி எண்ணையும் எழுதும். லொக் கோப்பில் எழுதும் உரிமை பிஎச்பியின் பயனருக்கு இல்லாவிட்டால் ஒன்றும் பதியாது என்பதையும் கவனிக்கவேண்டும்.

சில நிமிடத்தில் பாதை கிடைத்தது: பழைய மாணவர் சங்கத் தளத்தின் அப்லோட்ஸ் போல்டருக்குள், 2019ஆம் ஆண்டுப் படங்களுக்கு நடுவில். படங்கள் மட்டும் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பிஎச்பி கோப்பு. திறந்தால் ஒரே நீள வரி, முன்னால் நூற்றுக்கணக்கான வெற்றிடம். எடிட்டரில் வரி மடிப்பு இல்லாவிட்டால் வெறுங்கோப்பு போலவே தெரியும். திருத்திய திகதியும் 2019 என்றுதான் காட்டியது. அது எவரும் மாற்றிவைக்கக்கூடிய திகதி. 'ஸ்டாட்' கொமாண்ட் காட்டும் சீடைம் (கோப்பின் விவரம் கடைசியாக மாறிய நேரம்) அப்படி எளிதில் மாறாது. அது ஒன்பது நாளுக்கு முந்திய நாளைச் சொன்னது.

அடுத்தது நேரக்கணக்கு. சேர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதுகிறது. முறைப்பாடு சொல்பவர்களோ யாழ்ப்பாணத்திலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும். ஓகஸ்ட் மாதத்தில் இங்கே காலை 7:00 என்றால் லண்டனில் 2:30, ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 9:30, லொக்கில் 1:30. எல்லாவற்றையும் முதலில் யூடிசிக்கு மாற்றி எழுதிக்கொண்டால்தான் வரிகள் பொருந்தும். பொருத்தியதும், மெயில் கிளம்பிய ஒவ்வொரு தடவையும் அதே நொடியில் அந்தக் கோப்புக்கு ஒரு போஸ்ட் கோரிக்கை (தரவு அனுப்பும் கோரிக்கை) வந்திருந்தது. சீடைம் காட்டிய நிமிடத்துக்குப் போனால், கைவிடப்பட்ட பழைய பிளகின் (வேர்ட்பிரஸின் துணை மென்பொருள்) ஒன்றின் அப்லோட் பக்கத்துக்கு ஒரு போஸ்ட், பதில் 200, அதாவது ஏற்கப்பட்டது. நுழைந்த வாசல் அதுதான். இதைக் காணாமல் கோப்பை மட்டும் நீக்குபவர் அடுத்த கிழமையும் இதே வேலையைச் செய்வார்.

கோப்பை நீக்கியதும் ஒரு நிமிடத்தில் திரும்பி முளைத்தது. வெப் பயனரின் கிரொன்டாப்பில் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியல்) ஒரு வரி நிமிடத்துக்கொருமுறை அதைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. முதலில் கிரொன், பிறகு ஓடிக்கொண்டிருக்கும் புரோசெஸ், கடைசியில் கோப்பு. இந்த ஒழுங்கு மாறக்கூடாது.

பிளகினை நீக்கி, வேர்ட்பிரஸின் மூலக் கோப்புகள் மாறியிருக்கின்றனவா என்று செக்சம் பார்த்து, தெரியாத நிர்வாகக் கணக்குகளை அழித்து, டேட்டாபேஸ் கடவுச்சொல்லையும் கொன்ஃபிக் கோப்பின் எட்டு இரகசியச் சாவிகளையும் மாற்றினோம். அப்லோட்ஸில் பிஎச்பி ஓடுவதை என்ஜின்எக்ஸில் மறித்தோம். ஒவ்வொரு தளத்துக்கும் தனிப் பயனர் கொடுத்தோம். இனி யூஐடியே தளத்தைச் சொல்லும். 25ஆம் போர்ட்டால் வெளியே போக போஸ்ட்ஃபிக்ஸுக்கு மட்டும் அனுமதி. ஸ்பாம் அனுப்பும் சேர்வர்களின் கறுப்புப் பட்டியலிலிருந்து எங்களை நீக்கும்படி கேட்டது இதெல்லாம் முடிந்த பிறகுதான். வாசல் திறந்திருக்கக் கேட்டால் மறுபடி பட்டியலில் ஏறும், அடுத்தமுறை இறங்குவது கடினம்.

ஹோல்டில் இருந்ததை அனுப்புநர் முகவரிவாரியாகப் பிரித்தோம். ஸ்பாமுக்கு நடுவே விடுதியின் 23 உறுதி மெயில்கள் சேதமில்லாமல் இருந்தன. அவற்றை ஐடி சொல்லி விடுவித்து, மற்றவற்றை அழித்தோம்.