ஒன்பது மில்லிமீட்டரில் மொரப்பூர் – தருமபுரி ரயில்

எங்கள் குழு கட்டிவரும் மாதிரி ரயிலில் மொரப்பூர் யார்டுப் பலகையும் அதை ஒட்டிய வளைவுப் பலகையும் சேர்ந்து ஓட ஆரம்பித்துவிட்டன. தருமபுரிப் பலகையில் தண்டவாளம் பதித்தாயிற்று, வயரிங் பாதியில் இருக்கிறது. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதுவரை செய்ததை எழுதி வைக்கிறேன்.

எந்த ரயில் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று தருமபுரி ஸ்டேஷனில் நின்றால் சேலம் – பெங்களூரு வண்டிகளைத்தான் பார்க்கலாம். அந்தப் பாதை 1960களில் மீட்டர்கேஜாக வந்து, 1990களில் அகலப்பாதையானது. ஆனால் அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே இந்த ஊருக்கு ரயில் வந்திருக்கிறது. 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலத்தில் ஒரு சின்ன ரயில்பாதை போட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம், 1905-ல், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு அதே அகலத்தில் இன்னொன்று. அன்றைக்கு எல்லாமே சேலம் ஜில்லா. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுபோய்ச் சேர்க்க வழி வேண்டும் என்று போட்ட பாதைகள் இவை. தருமபுரிப் பாதையை 1913-ல் ஓசூர் வரை நீட்டினார்கள். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1941-ல் அதை மூடி, தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். கிருஷ்ணகிரிப் பாதையும் இல்லாமல் போனது. அந்த நகரத்துக்கு இன்றுவரை மறுபடி ரயில் வரவில்லை. மொரப்பூர் – தருமபுரி இடையே அகலப்பாதை போட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள்.

இந்தப் பழைய ரயிலை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்குப் பாசம் ஒரு காரணம் என்றால், கணக்கு இன்னொரு காரணம். மாதிரி ரயிலில் அதிகம் புழங்குவது ஹெச்ஓ அளவு, அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கு. அதற்கென்று விற்கும் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1,435 மி.மீ. பாதைக்குக் கணக்குப் போட்டது அது. நம் அகலப்பாதை 1,676 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 19.26 வரும். ஆகவே கடையில் வாங்கிய தண்டவாளத்தில் நம்மூர் எக்ஸ்பிரஸை நிறுத்தினால், முன்னால் நின்று பார்க்கும்போது பாதை ஒடுங்கித் தெரியும், வண்டி அதன்மேல் பிதுங்கி நிற்கும். நல்ல வேலைப்பாடுள்ள மாதிரிகளில்கூட இது என் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

இப்போது இரண்டரை அடிக்கு வாருங்கள். அது 762 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 8.76. இன்னும் சிறிய ‘என்’ அளவு ரயில்களுக்காக விற்கும் தண்டவாளம் சரியாக 9 மி.மீ. வித்தியாசம் கால் மில்லிமீட்டர்கூட இல்லை! நம் மண்ணில் ஓடி மறைந்த ரயில், கடையில் கிடைக்கும் பொருளோடு இப்படிப் பொருந்தி வருகிறது என்று தெரிந்த பிறகு குழுவில் வேறு பேச்சே எழவில்லை. ஆஸ்திரியாவில் 760 மி.மீ. பாதைகள் உண்டு என்பதால், ஹெச்ஓஇ என்ற பெயரில் இதற்கென்றே தண்டவாளம் விற்கிறார்கள். ‘என்’ தண்டவாளத்தில் ஸ்லீப்பர்கள், அதாவது தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டைகள், குட்டையாக, நெருக்கி இருக்கும். ஹெச்ஓஇ-யில் அவை நீளமாக, இடம் விட்டு இருக்கும். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஹெச்ஓஇ, மறைவிடத்தில் விலை குறைந்த ‘என்’ என்று பிரித்துப் போட்டோம்.

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குச் சுமார் 30 கி.மீ. அதை அப்படியே 87-ல் ஒரு பங்காக்கினால்கூட 340 மீட்டருக்கு மேல் போகும். அதனால் இரண்டு ஸ்டேஷன்கள், நடுவில் ஒரு வளைவு என்று சுருக்கிக்கொண்டோம். எட்டுக்கு நாலு ப்ளைவுட்டை நான்காக அறுத்தால் நான்குக்கு இரண்டடிப் பலகை நான்கு கிடைக்கும், துண்டு வீணாகாது. ஒவ்வொன்றும் ஒருவர் வீட்டில் இருக்கும், கூடும் நாளில் குட்டியானையில் ஏற்றிக் கொண்டுவந்து போல்ட் போட்டு முடுக்குவோம். மேல்பலகை 9 மி.மீ., சுற்றுச் சட்டம் 12 மி.மீ. இரண்டடி அகலத்துக்குள் பாதை அரைவட்டமாகத் திரும்ப வேண்டும் என்பதால் ஆரம் 250 மி.மீ. வைத்தோம். பெரிய ஹெச்ஓ வண்டிகள் இதில் திரும்பவே முடியாது. சின்ன ரயிலுக்கு இது தாராளம். சிறிய வீடுகளில் இருப்பவர்களுக்கு நேரோகேஜை நான் பரிந்துரைப்பதற்கு இதுவே போதும்.

யார்டு வரைபடத்தை, சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவரிடம் காட்டினோம். பென்சிலை வாங்கி ஒரு கோடு சேர்த்தார். “தம்பி, வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துறது மட்டும் யார்டு இல்லை. வந்த என்ஜின் கழன்று, பக்கத்து லைன்ல சுற்றிப்போய், அந்தப் பக்கம் மாட்டணும். அதுக்கு இடம் விட்டீங்களா?” என்றார். அந்த ஒரு லூப் லைன் வந்த பிறகுதான் பலகைக்கு வேலை வந்தது. வண்டி மொரப்பூருக்கு வரும், என்ஜின் கழலும், பாதை பிரியும் பாயிண்ட்டைத் தாண்டிப் போய் நிற்கும், பாயிண்ட் திரும்பும், லூப்பில் பின்னால் வந்து வால்பக்கம் இணையும். இதை ஒழுங்காகச் செய்து முடிக்கவே நல்ல நேரம் பிடிக்கும், அலுக்கவும் அலுக்காது.

மொரப்பூரில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அகலப்பாதை சைடிங். பாதையின் அகலம் மாறும் ஸ்டேஷன்களில் சரக்கை ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றித்தான் ஆக வேண்டும். சென்னை – சேலம் அகலப்பாதை வழியாக வந்த மூட்டை தருமபுரிக்குப் போக வேண்டுமென்றால் மொரப்பூரில் கைமாற வேண்டும். அதைக் காட்ட ஒரு பிளாட்பாரத்தின் இருபுறமும் இரண்டு பாதை வைத்தோம். ஒருபுறம் 9 மி.மீ. மறுபுறம் கையால் போட்ட 19.3 மி.மீ. அதில் என்ஜின் ஓடாது, இரண்டு சரக்கு வேகன்கள் மட்டும் நிற்கும். எனவே ஒரு துண்டுப் பாதையை முழு உண்மையோடு செய்துவிடலாம் என்று துணிந்தோம்.

அகலப்பாதை மர ஸ்லீப்பரின் நீளம் 2.75 மீட்டர், அகலம் 25 செ.மீ. நம் அளவில் 31.6 மி.மீ. நீளம், 3 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவான அகலம். மரப்பட்டையை அந்த அளவில் நறுக்கி, டீத்தூள் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தோம். நான்கு மர ஸ்லீப்பருக்கு ஒன்று வீதம் செம்புப் பூச்சுள்ள பிசிபி (மின்சுற்று அட்டை) துண்டு. தண்டவாளத்தை அதில் ஈயம் வைத்துப் பிடித்தால் இடைவெளி அசையாது. இரண்டு தண்டவாளமும் ஷார்ட் ஆகாமலிருக்க பிசிபியின் நடுவே செம்பை அரத்தால் கீறிப் பிரித்துவிட வேண்டும். 19.3 மி.மீ. அளவுகோலையும் வேகனுக்கான நீண்ட அச்சுகளையும் ஓசூரில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து தந்தார்கள். இரண்டு பாதையும் அருகருகே வந்த பிறகு பலகையின் மட்டத்துக்குக் குனிந்து பார்த்தேன். 762-க்கும் 1,676-க்கும் உள்ள வித்தியாசம் எண்ணாகத் தெரிந்ததுதான், ஆனால் அந்தக் குட்டிப் பாதை பெரிய பாதையில் பாதிக்கும் குறைவு என்பது அப்போதுதான் மனதில் விழுந்தது.

ஜல்லி விஷயத்தில் நம் மாவட்டங்கள் கொடுத்து வைத்தவை. அசல் ஜல்லி 50 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் நம் அளவில் அரை மி.மீ.க்குச் சற்றே மேல், அதாவது ரவை பதம். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் அறுக்கும் இடங்களில் கிடைக்கும் தூளை முதலில் எடுத்துப் பார்த்தோம். அது மாவாக இருக்கிறது, தண்ணீர் பட்டால் சேறாகிவிடுகிறது. போதாததற்கு, பாளம் அறுக்கும்போது சேர்க்கும் இரும்புத் துகளும் அதில் கலந்திருக்கும். கல் உடைக்கும் கிரஷரின் தூள்தான் சரிப்பட்டது. மாவுச் சல்லடையில் நைஸானதைக் கழித்து, டீ வடிகட்டியில் பெரியதை நிறுத்தினால் நடுவில் வருவது ஜல்லி.

அதன் பிறகு ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டு, பரப்பி வைத்த தூளின்மேல் மெதுவாக இழுக்க வேண்டும். கவரின் அடியில் கருப்பாக மயிர் முளைத்த மாதிரி துகள் ஒட்டிக்கொண்டு வரும். கவரைத் திருப்பி உதறிவிட்டு மறுபடி இழுக்க வேண்டும், ஒன்றும் ஒட்டாத வரைக்கும். இதைத் தவிர்க்கவே கூடாது. என்ஜின் மோட்டாரில் காந்தம் இருக்கிறது. பாதையில் கிடக்கும் இரும்புத் துகளை அது உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொண்டால் மோட்டார் போய்விடும்.

சின்ன ரயில் என்பதால் ஜல்லியோடு சலித்த செம்மண்ணும் கலந்தோம். வாணலியில் வறுத்த மண்தான், இல்லையென்றால் பூச்சி வரும். பரப்பி, பெயின்ட் பிரஷ்ஷால் ஒதுக்கி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த தண்ணீரைப் பனி போலத் தெளித்து, ஒரு பங்கு ஃபெவிகால் இரண்டு பங்கு தண்ணீர் என்ற கலவையை இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தெளிக்காமல் பசை விட்டால் தூள் உருண்டையாகத் திரண்டுவிடும். பாயிண்ட்டின் நாக்கு அசையும் இடத்தில் பசையே போகக் கூடாது, அங்கே ஜல்லியும் குறைவாக இருக்கட்டும்.

வெயில் பற்றியும் சொல்ல வேண்டும். பலகைகள் சேர்ந்து நிற்பது ஷீட் போட்ட அறையில். ஒரு மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 டிகிரி சூடேறினால் ஒரு மி.மீ.யில் மூன்றில் ஒரு பங்கு நீளும். அதற்கு இடம் கொடுக்காவிட்டால் பாதை வளைந்து எழும். இணைப்புகளில் விசிட்டிங் கார்டைச் செருகி இடைவெளி விட்டோம்.

இணைப்பை நம்பிக் கரண்ட் அனுப்பக் கூடாது என்பதால் ஒவ்வொரு துண்டுத் தண்டவாளத்துக்கும் தனியாக ஃபீடர் வயர் இறக்கி, பலகைக்கு அடியில் ஓடும் 1.5 ஸ்கொயர் எம்எம் வீட்டு வயரில் சேர்த்தோம். கட்டுப்பாட்டுக்கு டிசிசி முறை, அதாவது தண்டவாளக் கரண்ட் வழியாகவே என்ஜினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஆர்டுயினோ மெகா என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்டு, அதன்மேல் மாட்டும் மோட்டார் ஷீல்டு, அதில் டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச மென்பொருள், 12 வோல்ட் அடாப்டர். செல்போனிலேயே என்ஜினை ஓட்டலாம். வயரிங் முடிந்ததும் தண்டவாளத்தின் குறுக்கே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பார்க்க வேண்டும். பலகையின் எந்த மூலையில் வைத்தாலும் உடனே டிரிப் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் அந்த மூலைக்குப் போகும் வயர் மெலிந்தது அல்லது ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

சின்ன என்ஜினுக்கு உள்ள பெரிய சோதனை பாயிண்ட்டின் நடுவே தண்டவாளங்கள் குறுக்கிடும் முனை. அது பிளாஸ்டிக்காக இருந்தால், நான்கே சக்கரமுள்ள என்ஜினுக்கு அந்த இடத்தில் கரண்ட் அறுந்து நின்றுவிடும். உலோக முனையுள்ள பாயிண்ட்டாக வாங்கி, நாக்கைத் திருப்பும் சின்ன சர்வோ மோட்டாரோடு ஒரு மைக்ரோஸ்விட்சையும் இணைத்தோம். பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்புகிறதோ, முனைக்கும் அந்தப் பக்கத்துக் கரண்ட் போகும். இதோடு என்ஜினுக்குள் ஒரு கெபாசிட்டரும் வைத்துவிட்டால் லூப்பில் ஊர்ந்துகூடப் போகலாம்.

என்ஜினுக்கு அடிச்சட்டம் கேட்டோ கம்பெனியின் ‘என்’ அளவு குட்டி என்ஜினுடையது. மேல்கூட்டை ஸ்டைரீன் தகட்டில் நாங்களே வெட்டி ஒட்டினோம். வாங்கியபடியே அது பறக்கும். அசலில் மணிக்கு 20 கி.மீ. வேகம் என்றால் நம் அளவில் வினாடிக்கு 6.4 செ.மீ.தான். நான்கடிப் பலகையைக் கடக்க 19 வினாடி ஆக வேண்டும். டிசிசி கட்டளையை வாங்க என்ஜினுக்குள் இருக்கும் டிகோடரில், சிவி என்ற எண்ணிட்ட அமைப்புகளை மாற்றலாம். சிவி 5-ஐக் குறைத்து உச்ச வேகத்தைக் கட்டினோம், சிவி 2-ஐக் கொஞ்சம் ஏற்றிக் கிளம்பும்போது திணறாமல் பார்த்துக்கொண்டோம், சிவி 3-லும் 4-லும் மெல்ல வேகமெடுத்து மெல்ல நிற்கும்படி வைத்தோம். சரியான வேகம் வந்ததும் பாதை நீண்டுவிட்ட மாதிரி ஆகிவிட்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வண்டி அடுத்த முனைக்கு வரும்வரை பேசாமல் நின்றார்கள்.

கட்டடங்களுக்கு ஃபிளெக்ஸ் பேனர் கடையில் கிடைக்கும் சன்போர்டு நன்றாக வெட்டுப்படுகிறது. மரங்களுக்குக் காய்ந்த துளசித் தண்டு.

கூடும் நாட்களில் ஓட்டுவதற்குச் சீட்டு முறை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு சீட்டு. ராகி, நிலக்கடலை, புளி என்று சரக்கும் போக வேண்டிய இடமும் அதில் இருக்கும். ஒருவர் டிரைவர், ஒருவர் மொரப்பூர் ஸ்டேஷன் மாஸ்டர், ஒருவர் பாயிண்ட்ஸ்மேன். மாஸ்டர் சொல்லாமல் டிரைவர் வண்டியைத் தொடக் கூடாது. பாலக்கோட்டிலிருந்து வரும் அண்ணன் மாஸ்டராக உட்கார்ந்தால் சீட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் லைன் கொடுப்பார். “அண்ணா, புளி வேகன் ரொம்ப நேரமா நிக்குது” என்றால், “பிளாட்பாரத்துல முன்னால நிக்கிற வேகன் காலியாகட்டும்பா” என்பார். அவர் சொல்வதுதான் சரி. சரக்கு கைமாறும் ஸ்டேஷனில் பிளாட்பாரம் காலியாகாமல் அடுத்த வேகனை உள்ளே விட முடியாது.

தருமபுரிப் பலகையில் பாயிண்ட்டுக்கான சர்வோக்களும் பாதி ஃபீடர் வயர்களும் மிச்சம். கிருஷ்ணகிரி நண்பர்கள் திருப்பத்தூர் கிளைக்குத் தனிப் பலகைகள் செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பலகையின் விளிம்பிலிருந்து பாதை எத்தனை மி.மீ. தள்ளி வர வேண்டும், போல்ட் துளை எங்கே, வயர் பிளக் எந்த வகை என்று ஒரே தாளில் எழுதி அவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். பலகை முனைகளைத் துளைக்க மொரப்பூர்ப் பலகையை வைத்து எடுத்த இரும்புத் தகடும் அவர்களிடம் போய்விட்டது. அடுத்து கூடும்போது அவர்களுடைய முதல் பலகையின் முனையை எங்களுடையதோடு வைத்துப் பார்க்கப் போகிறோம்.