கருங்கல் காட்டில் தேங்கும் தண்ணீர்

மாமா பையன் ஜோர்டானில் லாரி ஓட்டுகிறான். போன வாரம் இராக் எல்லைக்குப் போகிற வழியில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான், பார்த்ததும் "என்னடா, பல்லாவரம் கல்குவாரிக்கா போனாய்?" என்று கேட்டுவிட்டேன். கண்ணுக்கு எட்டிய வரை தேங்காய் அளவு, தலை அளவு கருங்கற்கள். ஒரு மரம் இல்லை.

பல்லாவரத்துக் கல் வேறு சங்கதி, அது பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் உருவான சார்னோகைட். இது எரிமலைக் குழம்பு மேலே வழிந்து ஆறிய பசால்ட். தெற்கு சிரியாவில் ஆரம்பித்து ஜோர்டானைத் தாண்டி சவூதி வரை 40,000 சதுர கி.மீ.க்கு மேல் கிடக்கிறது, அதாவது தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு. பெயர் ஹர்ரத் அல்-ஷாம். அரபியில் ஹர்ரா என்றாலே இந்த மாதிரிக் கருங்கல் பூமிதான். ஏதோ ஒரு மலை ஒரே நாளில் கக்கியது என்று நினைத்துவிட வேண்டாம். சுமார் 2 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, விட்டுவிட்டு, நூற்றுக்கணக்கான வாய்கள் வழியாக வந்தது.

அங்கே பெரும்பாலான இடங்களில் வருஷத்துக்கு 20 செ.மீ. மழைகூடக் கிடையாது. தாம்பரத்தில் 2015 டிசம்பரில் ஒரே நாளில் கொட்டியது ஏறக்குறைய 49 செ.மீ.! ஆனாலும் அந்தக் கொஞ்ச மழையைக் கற்கள் வீணாக்குவதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். குழம்பு வழிந்து பழைய ஓடைகளை அடைத்துவிட்டதால் தண்ணீருக்குப் போக வழியில்லை, அது பள்ளத்தில் நிற்கிறது, கூடவே வந்த வண்டலும் அங்கேயே படிகிறது. இப்படியே படிந்து படிந்து கல் காட்டுக்கு நடுவே தட்டு மாதிரி களிமண் தரைகள். குளிர்கால மழையில் அவை குளம், அப்புறம் கொஞ்ச நாள் பச்சை, அதற்கு மேல் வெடித்த சேறு. நம் ஊர் ஏரிக்குக் கரை கட்டியவர்கள் உண்டு, இதற்கு எரிமலையே கரை.

மனிதர்களும் அந்த ஈரத்தைத் தேடித்தான் வந்திருக்கிறார்கள். அதே கருங்கல் பூமியில் ஜாவா என்ற இடத்தில் (இந்தோனேசியா ஜாவா இல்லை) கி.மு. 4ஆம் ஆயிரத்திலேயே அணை கட்டி வெள்ளத்தைத் தேக்கியிருக்கிறார்கள். ஷுபைக்கா என்று இன்னொரு இடம், அப்படி ஒரு களிமண் தரையின் ஓரத்தில். அங்கே அடுப்புச் சாம்பலில் கிடைத்த கருகிய ரொட்டித் துணுக்குகளுக்கு வயது சுமார் 14,400 ஆண்டுகள், விவசாயமே தொடங்காத காலம்! காட்டுத் தானியத்தோடு, ஈரத்தில் முளைக்கும் ஒரு கோரை வகையின் கிழங்கையும் அரைத்துச் சேர்த்திருக்கிறார்கள். 2018இல் இது வெளியானது.

இதையெல்லாம் அவனுக்கு வாய்ஸ் மெசேஜில் சொன்னேன். அவன் ரொட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெயில் நாளில் அந்தக் களிமண் தரை சிமெண்ட் மாதிரி இருக்குமாம், ராத்திரி லாரியை இறக்கி அங்கேதான் நிறுத்துவானாம். மேகம் கறுத்தால் மட்டும் ரோட்டோரம்.