சென்சார் பொய் சொல்கிறதா, சாலை சாய்ந்திருக்கிறதா?

வாகனக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் பழுதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். பல்கலைக்கழக ஆய்வகத்தில் நான் இருந்த காலத்தில் எங்கள் நேரத்தைத் தின்றது அது இல்லை. நன்றாக இருக்கும் சென்சாரைக் கெட்டுப்போனது என்று கணினி சொல்லாமல் இருக்க வேண்டும். பாடு முழுக்க அதில்தான்.

எங்கள் வேலை ஈஎஸ்சி எனப்படும் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டைச் சுற்றியது. 1995-ல் பாஷ் நிறுவனத்தின் இந்த ஏற்பாடு மெர்சிடிஸ் காரில் வந்தது. கார் சறுக்கினால் தேவைப்படும் சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்துத் திசையைச் சரிசெய்யும். கார் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று சொல்வது கைரோ. அது தப்பாகச் சொன்னால் நேர்ச்சாலையிலேயே ஒரு பக்கம் பிரேக் விழும். இன்னொரு கைரோ வைத்தால் செலவு. அதனால் காரில் ஏற்கெனவே இருப்பவற்றை வைத்துக் கணக்குப் போடுவோம்: ஸ்டீயரிங் கோணத்திலிருந்து ஒன்று, பக்கவாட்டு முடுக்கத்தை வேகத்தால் வகுத்து ஒன்று, இடது வலது சக்கரங்களின் வேக வித்தியாசத்திலிருந்து ஒன்று. இந்த மூன்று சாட்சிகளும் ஒத்துப்போய் கைரோ மட்டும் தனித்து நின்றால், கோளாறு அதில். தாளில் எல்லாம் அழகாக வரும்.

சாலையில் ஒவ்வொரு சாட்சிக்கும் ஒரு பலவீனம். வளைவில் சாலையைச் சாய்த்துப் போடுவார்கள். 5 சதவீதச் சாய்வு இருந்தால் புவியீர்ப்பின் ஒரு பங்கு, பக்கவாட்டு முடுக்கத்தை அளக்கும் முடுக்கமானியில் ஏறிவிடும். மணிக்கு 54 கிலோமீட்டரில் போகும்போது அது விநாடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி திரும்புவதாகக் கணக்கில் வரும். கைரோவில் அதே அளவு பிழை இருந்தாலும் வரைபடம் இப்படித்தான் தெரியும். சரி, சக்கரங்களைக் கேட்கலாம் என்றால், அந்த 2 டிகிரிக்கு இடது வலது வேக வித்தியாசம் 0.35 சதவீதம்தான். ஒரு டயரில் காற்று இறங்கினாலே அந்த அளவு மாறிவிடும். ஈரச்சாலையில் ஸ்டீயரிங் கணக்கும் கைவிட்டுவிடும்.

எவ்வளவு வித்தியாசம் வந்தால் பழுது என்று சொல்வது என்பதற்கு ஒரு வரம்பு வைப்போம். அதைக் கூட்டினால் உண்மையான பழுது தப்பிவிடும். குறைத்தால் டாஷ்போர்டில் சும்மா விளக்கு எரியும். சர்வீஸ் சென்டரில் ஒன்றுமில்லை என்று ஒருமுறை அனுப்பிவிட்டால், அப்புறம் அந்த விளக்கை யாரும் மதிக்க மாட்டார்கள்.

சிக்னலில் கார் நிற்கும்போது கைரோ பூஜ்யம் காட்ட வேண்டும். இந்தச் சாதாரணச் சோதனை, நாங்கள் பக்கம் பக்கமாக எழுதிய சமன்பாடுகளில் பாதியைவிடச் சிறந்தது என்பது என் அபிப்பிராயம். ஆய்வுக் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூடக் கிடைக்காது.

பழுதுகளையும் பெரும்பாலும் நாங்களே உண்டாக்கினோம்: பதிவு செய்த தரவில் ஓர் எண்ணைக் கூட்டினால் பழுது தயார். நிஜப் பழுது அப்படி வராது. எங்கள் சோதனை வண்டியில் ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கும்போது மட்டும் கைரோ சிக்னல் துள்ளியது. ஒர்க்‌ஷாப் அண்ணன் லேப்டாப் பக்கமே வரவில்லை. வயரிங்கைக் கையால் பிடித்து ஆட்டிக்கொண்டே, "இப்ப துள்ளுதா? இப்ப?" என்று கேட்டார். கனெக்டரில் ஒரு பின் லூஸ். அதற்குப் பிறகுதான் இன்னொரு சோதனையைச் சேர்த்தோம்: விநாடியில் நூறில் ஒரு பங்குக்குள் கைரோ பூஜ்யத்திலிருந்து விநாடிக்கு 40 டிகிரிக்குத் தாவினால், அந்த மதிப்பைக் கணக்கிலேயே எடுக்காதே. எந்தக் காரும் அப்படித் திரும்ப முடியாது.