மில் சங்கும் என் ஆய்வேடும்

கோவைப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் கேட்டதையும் முகர்ந்ததையும் அஞ்சியதையும் வரலாறாக எழுதப்போவதாக முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்தபோது, ஆய்வுக்குழுவில் ஒருவர், "சத்தத்துக்கு எந்தக் கோப்பைச் சான்று காட்டுவீர்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். 1888இல் நிறுவப்பட்ட ஸ்டேன்ஸ் மில் பற்றியும், 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தபின் பெருகிய ஆலைகள் பற்றியும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மாதக்கணக்கில் படித்தேன். கூலியும் வேலைநிறுத்தமும் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. தூசியும் புழுக்கமும் கோரிக்கை மனுக்களில் ஒரு வரியாக வந்து போயின.

ஆகவே ஓய்வுபெற்றவர்களைத் தேடிப் போனேன். "வேலை செய்தபோது மனம் எப்படி இருந்தது?" என்று கேட்டது என் பிழை. "என்னத்தைச் சொல்றதுங்க அம்மிணி, வேலைன்னா வேலைதானுங்க" என்பதற்கு மேல் யாரும் பேசவில்லை. முதல் ஆறு நேர்காணல்கள் இப்படியே வீணாயின.

பிறகு, மனத்தை விட்டுவிட்டுக் கையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினேன். நூல் நூற்கும் ஸ்பின்னிங் பிரிவில் இழை அறுந்தால் என்ன செய்வீர்கள் என்றதும், ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்தபடியே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காற்றில் முறுக்கிக் காட்டினார்; இழை அறாமலிருக்க அந்தக் கூடத்தில் எப்போதும் ஈரம் தெளிப்பார்கள் என்றும், இரைச்சலில் மேஸ்திரியிடம் சைகையிலோ கத்தியோதான் பேச முடியும் என்றும் தொடர்ந்தார். உள்ளிருந்து அவர் மனைவி குறுக்கிட்டார்: "வீட்டுக்கு வந்தாலும் அதே கத்தல்தானுங்க. திட்டறாருன்னு நெனச்சுப் புள்ளைங்க அழுவும்." ஓர் அத்தியாயம் முழுவதும் அந்த வாக்கியத்திலிருந்துதான் பிறந்தது.

வேலை நேரத்தை அறிவிக்கும் ஆலைச் சங்கு விஷயத்தில் வேறொரு சிக்கல் எழுந்தது. சங்குச் சத்தம் நின்ற பிறகு ஊரே செத்துப்போனதாக அந்தப் பெரியவர் முதல் சந்திப்பில் வருந்தினார். இரண்டாம் சந்திப்பில், தாமதமாக வந்தால் கேட்டைச் சாத்திவிடுவார்கள் என்று பயந்து சோற்றைப் பாதியில் விட்டு ஓடியதைச் சொன்னார். ஏக்கம் ஆலை மூடிய பிறகு வந்தது, அச்சம் ஆலை ஓடிய காலத்தது என்று பிரித்து, இரண்டையும் வெவ்வேறு அத்தியாயங்களில் வைத்தேன்.

ஒலிப்பதிவை எழுத்தாக்கும்போது, அவர் இழையைப் பிணைத்துக் காட்டிய இடத்தில் பதினொரு நொடி வெறும் மௌனம் இருந்தது. விரல்கள் அசைந்த விதத்தை அன்றிரவே நோட்டில் குறித்து வைத்திருந்ததால்தான் அந்த மௌனத்தை ஆய்வேட்டில் சேர்க்க முடிந்தது.