ஸ்னோ ஒயிட்டும் நாலு வயதும்

'ஸ்னோ ஒயிட்' கார்ட்டூன்தானே, நாலு வயதுப் பிள்ளைக்குப் போடலாமா என்று தங்கை கேட்டாள். 1937-இல் வந்த அந்த டிஸ்னி படத்துக்குப் பிரிட்டனில் அப்போது 'ஏ' சான்றிதழ் கொடுத்தார்கள். 16 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்று அதற்கு அர்த்தம். (பல உள்ளாட்சிகள் அதைக் கண்டுகொள்ளவில்லை, அது வேறு கதை.) மரக்கிளைகள் கைகளாக மாறிப் பிடித்து இழுப்பதும், ராணி கிழவியாக மாறுவதும் இப்போது பார்த்தால்கூட எனக்குத் திக்கென்றிருக்கும். படத்துக்கு மூலமான கிரிம் சகோதரர்கள் கதையில் இன்னும் மோசம்: பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்போடு ராணி சாகும்வரை ஆட வேண்டும். படத்தில் மலையிலிருந்து விழுவதோடு சரி.

முத்தக் காட்சியெல்லாம் எனக்குப் பெரிய கவலை இல்லை. பயம்தான். ஆறேழு வயது ஆகட்டும், பகலில், பக்கத்தில் உட்கார்ந்து போடு என்றேன். குள்ளர்கள் பாட்டை வேண்டுமானால் இப்பவே காட்டலாம்.